லயத்துக் கொல்லையும் பெருங்குடலும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருஷத்துக்கு மேல் களைக்கு மருந்தடித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா போன வருஷம் என்னிடம் வந்தார். இனிப்புநீர் (நீரிழிவு), கொஞ்சம் ரத்தக் கொதிப்பு. ஆனால் வந்தது அவற்றுக்காக அல்ல. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "நாலு நாளைக்கு ஒருவாட்டிதான் வெளிக்குப் போவுது மிஸ்ஸி" என்றார். நான் தாதியல்ல, உணவியலாளர். ஆனாலும் எங்கள் ஊரில் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லாருமே மிஸ்ஸிதான்.

என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். காலையில் தே ஓவில், அதாவது பால் சேர்க்காத தேநீரில், தொட்ட பிஸ்கட். பகலில் வெள்ளைச் சோறும் கருவாட்டுக் குழம்பும். இரவில் அதே சோறு, கூட ஒரு முட்டை. காய் கீரையெல்லாம் சம்பள வாரத்தோடு சரி. இவரை மட்டும் குறை சொல்ல முடியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் போதுமான காய்கனி சாப்பிடுவதில்லை. அதே ஆய்வில் நம் இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது.

நார்ச்சத்து, நுண்ணுயிர் என்று படம் காட்டி விளக்கினேன். தலையாட்டினாரே தவிர ஒன்றும் இறங்கவில்லை. கடைசியில், "மறுநடவுக்கு நிலத்தை வெளுத்ததும் மொதல்ல என்னம்மா போடுவீங்க?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது.

"காச்சாங் கொடி. அது மூடலைன்னா ரெண்டு மழையில மேல்மண்ணு பூரா ஓடைக்குப் போயிரும்லா. அப்புறம் கன்னு எங்க பொழைக்கும்?"

காச்சாங் என்றால் மலாயில் பயறு; மண்ணை மூடப் படரவிடும் பயற்றுக்கொடிகளைத்தான் சொன்னார். அதற்கப்புறம் பாடம் நடத்தியது அவர்தான். கலப்போ கொடி முதலில் வேகமாகப் படர்ந்து சீக்கிரமே ஓய்ந்துவிடும். அந்த இடத்தைப் புவேரியா பிடிக்கும். மரம் வளர்ந்து நிழல் விழுந்தபிறகும் தாக்குப்பிடிப்பது செண்ட்ரோ. அதனால்தான் மூன்றையும் கலந்து விதைப்பார்கள். மண்ணுக்கடியில் நடப்பதை நான் சேர்த்துச் சொன்னேன். இந்தக் கொடிகளின் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. கொடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடியிடம் கொடுக்கிறது. முடிச்சைக் கீறிப் பார்த்து உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.

பெருங்குடலிலும் இப்படித்தான் கொடுக்கல் வாங்கல். நம்மால் செரிக்க முடியாத நாரை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் உள்சுவரின் உயிரணுக்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 விழுக்காடு அதிலிருந்து கிடைக்கிறது. நார் வராவிட்டால்? எலிகளில் செய்த ஆய்வில், பசித்த பாக்டீரியாக்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. "அப்போ அதுதான் மேல்மண்ணு" என்றார் அந்த அம்மா. அவ்வளவு அழகாக எனக்குச் சொல்ல வந்திருக்காது.

இப்போது பலர் இன்னும் ஒரு படி மேலே போய், நல்ல மண்ணின் பாக்டீரியா நேராகக் குடலில் வந்து குடியேறும் என்கிறார்கள். அது மிகை. மண்ணில் வாழ்வதும் குடலில் வாழ்வதும் பெரும்பாலும் வேறுவேறு இனங்கள். அதற்காகத் தொடர்பே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. 2020இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வொன்றில் குழந்தைக் காப்பகங்களின் முற்றத்தில் காட்டுத்தரையையும் புல்லையும் பரப்பினார்கள். அதில் விளையாடிய பிள்ளைகளின் தோலிலும் குடலிலும் 28 நாளில் நுண்ணுயிர்கள் மாறின; நோயெதிர்ப்பைச் சீராக்கும் அறிகுறிகளும் ரத்தத்தில் கூடின.

பின்லாந்துக் காட்டை அப்படியே பேராக்கில் பெயர்த்து வைத்துவிடாதீர்கள். நம் ஈரமண்ணில் கொக்கிப்புழு உண்டு, எலிச்சிறுநீர்க் கிருமி உண்டு, மெலியோய்டோசிஸ் என்ற கடும் தொற்றுநோயைத் தரும் பாக்டீரியாவும் உண்டு. கடைசியது காயத்தின் வழியே நுழையும். இனிப்புநீர் உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்கும். கொல்லையில் இறங்கினால் பூட்ஸ், கையுறை. காலில் புண் இருந்தால் அன்றைக்கு மண்வேலையே வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒன்றும் பெரிய பட்டியல் இல்லை. சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் தட்டாம்பயறோ கொண்டைக்கடலையோ, சோயாவை நொதிக்கவைத்துச் செய்யும் தெம்பேயோ. தினம் ஒரு கீரை; முருங்கை வேலியிலேயே நிற்கிறது. வேலியோரம் சிறகவரை, அதாவது பாசாரில் விற்கும் காச்சாங் போத்தோல். அதற்கும் வேர்முடிச்சு உண்டு, அதனால் கொல்லை மண்ணுக்கும் நல்லது. வெறுந்தரை தெரியாமல் சருகைப் போட்டு மூடுங்கள். களைக்கு மருந்தடிக்காதீர்கள் என்றேன். இத்தனை வருஷம் மருந்தடித்தவரிடம் அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் கையில் ஏந்திய பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நாடு தடைசெய்தது 2020 ஜனவரியில்தான்.

நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். வாரம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரையும் கூட்ட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்காமல் பயறையும் கீரையையும் கூட்ட வேண்டாம், பொட்டாசியம் ஏறும். மலத்தில் ரத்தம் வந்தாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ உணவை மாற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து வந்தார். பிளாஸ்டிக் பையில் ஒரு பிடி சிறகவரை, கூடவே மண் அப்பிய ஒரு வேர். மேசைமேல் வைத்தார்.

"கீறிப் பாத்தேன் மிஸ்ஸி. உள்ள சிவப்பா இருக்கு."

"வயிறும்மா?"

கதவைத் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார். "தெனம் போவுது."