நைலானுக்கும் அக்ரிலிக்குக்கும் எந்த ஸ்க்ரூ?

சம்பா அறுவடை முடியும் தை, மாசியில் ரைஸ் மில்களிலிருந்து எங்கள் கும்பகோணம் பட்டறைக்கு வரும் பிளாஸ்டிக் பாகங்களில் பாதி, தேய்மானத்தால் வருவதில்லை. நைலான் லைனரில் (தேயாமலிருக்க உள்ளே பதிக்கும் பட்டை) துளை நீண்டு ஆடும். நெல் தொட்டியின் அக்ரிலிக் ஜன்னல் துளையிலிருந்து கீறல் விட்டிருக்கும். கடைந்ததில் பிசகில்லை, மாட்டிய ஸ்க்ரூதான் தவறு.

முக்கியமானது சி.எஸ்.கே. ஸ்க்ரூ, அதாவது தலை பரப்புக்குள் பதியும் கவுன்டர்சங்க் ஸ்க்ரூ. மட்டமாக உட்காரும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதன் தலை கூம்பு. இறுக்க இறுக்க ஆப்பு மாதிரி துளையைப் பிளக்கும். அக்ரிலிக்கில் அதைப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தலையின் அடி தட்டையாக இருக்கும் பான் ஹெட் ஸ்க்ரூவும் அடியில் அகலமான வாஷரும் போதும். தலை வெளியே தெரியக் கூடாதென்றால், தட்டையான அடியுள்ள பள்ளம் எடுத்து ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழியுள்ளது) போடுங்கள்.

அடுத்தது வெயில். 20 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் இரும்பு கால் மி.மீ. நீளும், நைலான் ஒன்றரை மி.மீ.க்கு மேல் நீளும். ஐப்பசி அடைமழையில் ஈரத்தைக் குடித்து நைலான் இன்னும் கொஞ்சம் உப்பும். ஆகவே நீளமான லைனரில் ஒரு துளையை மட்டும் சரியளவாக வைத்து, மற்றவற்றை நீள்துளையாக அடியுங்கள்.

"இன்னும் ஒரு சுற்று இறுக்குப்பா" என்பதும் உதவாது. அழுத்தத்தில் பிளாஸ்டிக் மெல்ல விலகிக்கொள்ளும், இறுக்கம் தானாகக் குறையும். துளைக்குள் இரும்பு ஸ்லீவ் (சின்னக் குழாய்) செருகினால் இறுக்கத்தை அது தாங்கும்.

பிளாஸ்டிக்கிலேயே மரை பிடிக்க வேண்டுமானால், தானே மரை போட்டுக்கொள்ளும், தகடுக்கான செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ வேண்டாம். பிளாஸ்டிக்குக்கென்றே அகன்ற மரையுள்ள ஸ்க்ரூ கிடைக்கிறது. துளை, ஸ்க்ரூ விட்டத்தில் ஏறக்குறைய 80 சதவீதம். மரை பிடிக்கும் ஆழம் விட்டத்தைப் போல் இரு மடங்கு. கழற்றி மாட்டும்போது முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். 'டக்'கென்று பழைய மரையில் இறங்கும். பிறகு வலப்பக்கம் திருப்புங்கள். நேராக முறுக்கினால் பழைய மரையைப் புதுமரை அறுத்துவிடும். அடிக்கடி கழற்றும் இடமென்றால் பித்தளை இன்சர்ட்டோ (உள்மரையுள்ள புஷ்), ஊடுருவும் போல்ட்டும் நட்டுமோ வைத்துவிடுவது நல்லது.

அக்ரிலிக், பாலிகார்பனேட் (இதுவும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) பக்கத்தில், மரை தளராமல் பிடிக்கும் திரெட் லாக்கர் பசை கூடாது. பட்ட இடம் வெடிக்கும். அதற்குப் பதில், உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு போடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக்காற்றுக்கு துருவை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவே கேளுங்கள்.