தனியுரிமைக் கொள்கை: யாருக்கு உரிமை, யார் கொள்வது?

பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர். அண்ணன் மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட உட்கார்ந்திருந்தோம். சாதிச் சான்றிதழ் எண், அப்பாவின் ஆண்டு வருமானம், ஆதார், இரண்டு செல்போன் எண்கள், வங்கிக் கணக்கு, எல்லாம் கொடுத்தாயிற்று. கடைசியில் ஒரு கட்டம்: 'தனியுரிமைக் கொள்கையை ஏற்கிறேன்.' பிள்ளை கேட்டாள்: "சித்தப்பா, இது யாருக்குத் தனியுரிமை? நமக்கா, காலேஜுக்கா?" கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டிக் போடுங்க அண்ணாச்சி, போடலைன்னா அடுத்த பக்கம் வராது."

அவள் கேட்டது நியாயமான கேள்வி. பிரைவசி என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் 'தனியுரிமை' என்று தமிழாக்கியிருக்கிறார்கள். பிரைவசி லத்தீனிலிருந்து வந்த சொல். பொதுப் பதவி எதிலும் இல்லாமல் தன்பாட்டுக்கு இருப்பவனைக் குறித்த சொல் அதற்கு வேர். தமிழாக்கியவர் 'தனி'யைப் பிடித்துக்கொண்டார், சரி. பின்னால் உரிமை எங்கிருந்து வந்தது?

காப்புரிமை, பதிப்புரிமை, விற்பனை உரிமை என்று பழகிய காதில் 'தனியுரிமை' எப்படி விழும்? ஒருவருக்கு மட்டுமே உள்ள ஏகபோக உரிமை என்றுதான். 'கல்லூரியின் தனியுரிமைக் கொள்கை' என்றால், பிள்ளையின் விவரங்கள் மேல் கல்லூரிக்கு மட்டுமே பாத்தியதை என்று ஆகிறது. கொள்கை என்ற சொல்லோ 'கொள்' என்பதிலிருந்து பிறந்தது. எடுத்துக்கொள்வது என்றும் அதற்குப் பொருள் உண்டு. ஒருவகையில் உண்மையைத்தான் சொல்லிவிட்டார்கள்.

தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இதை ஒப்பமாட்டார். "2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 9 நீதிபதிகள் சேர்ந்து பிரைவசி அடிப்படை உரிமைன்னு சொல்லியாச்சுல்லா? அப்புறம் உரிமைன்னு போட்டா என்னவே தப்பு?" என்பார். தப்பு அங்கேதான் இருக்கிறது. உயிர் வேறு, உயிர் வாழும் உரிமை வேறு. பிரைவசி என்பது காக்கப்படும் பொருள். உரிமை அதன்மேல் நமக்கு உள்ளது. பொருளுக்கே 'தனியுரிமை' என்று பெயர் வைத்துவிட்டால், அதற்கான உரிமையை 'தனியுரிமைக்கான உரிமை' என்றா எழுதுவது? எழுதுகிறார்கள், அதுதான் வேதனை. வேறொரு கல்லூரித் தளத்தில் 'தனியார் கொள்கை' என்றே பார்த்தேன். இயந்திரம் மொழிபெயர்த்ததை யாரும் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருக்கமாட்டார்கள்.

வளவு வீட்டில் வளர்ந்தவன் நான். ஒரே முற்றம், ஆறு குடும்பம். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கேயும் 'இது உள்வீட்டுச் சமாச்சாரம்' என்று ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்குத் தமிழில் நெடுங்காலமாக உள்ள சொல் அந்தரங்கம். "வடசொல்லுவே" என்பார் நண்பர். இருக்கட்டும். ஊரில் எல்லாருக்கும் புரிகிறது. அதில் எனக்குள்ள சங்கடம் வேறு: வார இதழ்களின் டாக்டர் பதில் பகுதி அந்தச் சொல்லைக் கெடுத்து வைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் அதைப் போட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஆகவே பிரைவசிக்கு அந்தரங்கம் என்பதே என் கட்சி என்றாலும், அந்தக் கட்டத்துக்கு அது வேண்டாம். அங்கே இருப்பது கொள்கையும் அல்ல. எங்கள் ஊரில் கொள்கை என்றால் கட்சிக்காரர் மேடையில் பேசுவது. உங்களிடம் என்னென்ன வாங்குகிறோம், எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லும் தாள் ஓர் அறிவிப்பு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 5ஆம் பிரிவில் அதை அறிவிப்பு என்றுதான் சொல்கிறது. ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ அதைப் படிக்கும் வாய்ப்பைத் தரவேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகளில் 17 வயதுக்காரர்கள் எத்தனை பேர்!

'விவரக் காப்பு அறிவிப்பு.' இதுவே நான் முன்வைக்கும் சொல். நண்பரிடம் சொன்னேன். "விவரமும் வடசொல்தான்" என்றார். 'தகவல்' என்று மாற்றலாமா என்றேன். அது உருதுவோ அரபியோ என்று அகராதியை எடுக்க உள்ளே போனார். நான் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அன்று அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டோம். மறுநாள் காலையிலிருந்து அண்ணன் செல்லுக்கு வேறு மூன்று கல்லூரிகளிலிருந்து போன்.