சாவி ஓட்டையில் அடைத்த காகிதம்

மனநல மருத்துவரான என்னிடம், காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து பத்தாம் வகுப்புப் பையனை அவன் அப்பத்தா அழைத்து வந்திருந்தார். அப்பா சிங்கப்பூரில். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணக்கில் தொண்ணூறு வாங்கியவன் முப்பதுக்கு வந்துவிட்டான். குளிப்பதில்லை, கூட்டாளிகள் வந்தால் எழுந்து போய்விடுகிறான். பள்ளிக்கூடத்தில் 'வயசுக் கோளாறு' என்றார்களாம். சொந்தக்காரர்கள் 'காத்துக் கருப்பு' என்றார்களாம்.

அப்பத்தா சொன்னது வேறு. "ரெண்டாங்கட்டு அறைக் கதவுல சாவி ஓட்டையை நோட்டுப் பேப்பரைக் கிழிச்சு அடைச்சு வச்சிருக்கான் ஐயா. நான் ஒரு வாய் தின்னு காட்டினாத்தான் சோறே எறங்குது."

பையனைத் தனியே உட்கார வைத்துக் கேட்டேன். "தம்பி, பக்கத்துல ஆள் இல்லாதப்பவும் பேச்சுச் சத்தம் கேக்குதா?" வெகுநேரம் தரையையே பார்த்தான். அப்புறம், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான். அதுவரை யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டால் இல்லாததைக் கிளப்பிவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது, தாராளமாகக் கேளுங்கள்.

இல்லாத குரல் கேட்பதும், காரணமில்லாமல் சந்தேகப்படுவதும் மனச்சிதைவு நோயின் (ஸ்கிசோஃப்ரீனியா) அடையாளமாக இருக்கலாம். ஆனால் அது 13 வயதுக்கு முன் வருவது மிக அபூர்வம். எட்டு வயதுக் குழந்தை கற்பனைத் தோழியோடு பேசுவது இந்த நோய் அல்ல. பெரிய பிள்ளைகளுக்குக்கூட மனச்சோர்வு, உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு, கஞ்சா, வெளியில் சொல்ல முடியாத பாலியல் கொடுமை, இவற்றாலும் குரல் கேட்கலாம். சில நாட்களுக்குள் திடீரென்று குழம்பி, வலிப்பும் வந்தால் அது மூளை அழற்சியாக இருக்கலாம். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ மனச்சிதைவைக் காட்டித் தராது. வலிப்பு, தைராய்டு, உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய் போன்றவை இல்லை என்று உறுதிசெய்யத்தான் அவை. அமெரிக்க மனநல வழிகாட்டியின்படி, அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்தால்தான் மனச்சிதைவு என்ற பெயரைச் சொல்வோம். அதற்காகச் சிகிச்சை ஆறு மாதம் காத்திருக்காது.

அவனுக்கு ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் குரல் அடங்கியது. ஆனால் எடை கூடும் என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை. அது என் தவறு. ஆறு கிலோ ஏறியது, வகுப்பில் கேலி செய்தார்கள், யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். மூன்றே வாரத்தில் சாவி ஓட்டையில் மறுபடி காகிதம். மருந்தை மாற்றி, மறுபடி முதலிலிருந்து வர வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் முதல் நாளே எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்துக் குறித்துவிடுகிறேன். இரண்டு மருந்துகளைப் போதுமான அளவில், போதுமான காலம் கொடுத்தும் கேட்கவில்லை என்றால் க்ளோசபின் என்ற மருந்து இருக்கிறது. வெள்ளணு குறையக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் எதற்கும் அடங்காத குரல் அதில் அடங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குன்றக்குடிக் கோயிலுக்கோ குணசீலம் கோயிலுக்கோ போகாதீர்கள் என்று நான் சொல்வதே இல்லை. போங்கள், மாத்திரை பையில் இருக்கட்டும். ஆனால் பிள்ளையைக் கட்டிப்போடும் இடத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம் வரும்போது பிள்ளையோடு ஒரே வீட்டில் இருப்பவர் யாரோ, அவரையும் கூட்டி வாருங்கள். அப்பா வெளிநாட்டிலிருந்து போனில் பேசிக்கொள்ளட்டும், அப்பத்தா நேரில் வரட்டும்.