மேனிஃபோல்டும் ஹெடரும்: வார்ப்புத் திரட்டி, குழல் திரட்டி

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்: இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளிவரும் புகையை வாங்கி ஒரே குழாயில் சேர்த்துவிடும் பாகம். சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஹெடர் என்பதும் அதே இடத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யும் பாகம்தான். அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக்கை வாங்கிச் சீர்செய்பவர்களுக்கு எப்படியும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: இருக்கிற மேனிஃபோல்டை வைத்துக்கொள்வதா, கழற்றிவிட்டு ஹெடர் மாட்டுவதா? பெயர் இரண்டாக இருப்பதால் பொருளும் இரண்டு என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் வேறுபடுவது செய்முறை. முதலாவது, வார்ப்பிரும்பை அச்சில் ஊற்றி எடுத்தது. இரண்டாவது, சிலிண்டருக்கு ஒரு குழல் வீதம் எஃகுக் குழல்களை வளைத்துப் பற்றவைத்தது.

மேனிஃபோல்ட் பழைய ஆங்கிலச் சொல். ‘மெனி’ என்றால் பல, ‘ஃபோல்ட்’ என்றால் மடிப்பு. பல வாய்கள் கொண்ட குழாய்க்கு அது பெயரானது 19ஆம் நூற்றாண்டில். தமிழிலும் மடிப்பிலிருந்துதான் மடங்கு வந்தது. இருமடங்கு, பன்மடங்கு என்கிறோம். அதனால் ‘பன்மடிக் குழாய்’ என்று எழுதினால் சொல்லுக்குச் சொல் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்கும் மெக்கானிக்குக் கண்முன் எதுவும் வராது. காற்றும் பெட்ரோலும் பிரிந்து உள்ளே போகும் இன்டேக் பக்கத்துக்கும், புகை சேர்ந்து வெளியே வரும் எக்ஸாஸ்ட் பக்கத்துக்கும் ஒரே பெயரை வைக்கும் குறையும் இருக்கிறது.

எக்ஸாஸ்டின் வேர் லத்தீன். நீரை இறைத்து வெளியேற்றுவது என்பது அதன் முதல் பொருள். ஹெடர், ‘ஹெட்’ அதாவது தலை என்பதிலிருந்து வந்தது. கொதிகலன் வேலையில் பல குழாய்கள் வந்து சேரும் தலைக்குழாயை இன்றும் ஹெடர் என்றுதான் சொல்கிறார்கள். வண்டியின் குழல்களுக்கு அதைச் சொல்வது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் அதுவே குழல் மேனிஃபோல்ட். ஆஸ்திரேலியாவில் ‘எக்ஸ்ட்ராக்டர்’, உறிஞ்சி எடுப்பது. மூன்றில் ஆஸ்திரேலியப் பெயர்தான் அந்தப் பாகம் செய்யும் வேலையைச் சொல்கிறது என்பேன். எப்படி என்று பார்ப்போம்.

1967 முதல் 1972 வரை வந்த ஷெவர்லே சி-10 டிரக்கை எடுத்துக்கொள்வோம். அதில் வந்த சின்ன வி-8 இன்ஜின்களில் (V வடிவில் பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்) சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இடப்பக்கத்தில் இருப்பவை 1, 3, 5, 7 எண் சிலிண்டர்கள். வரிசையில் 5-ம் 7-ம் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டுக்கும் இடையில் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, கால் சுற்றுதான் சுற்றியிருக்கும். 5-இன் எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே 7-இன் வால்வு திறந்துவிடும். வார்ப்பிரும்பின் குறுகிய பொது அறையில் 7 தள்ளும் புகை 5-இன் வாசலில் மோதும். தனித்தனி நீளக் குழல் இருந்தால் இந்த மோதல் வெகுவாகக் குறையும். அதோடு, ஒரு புகைத்துடிப்பு குழல்கள் கூடும் இடத்தைக் கடக்கும்போது பின்னால் அழுத்தம் தாழ்ந்து, அந்தத் தாழ்வு அலையாகத் திரும்பி சிலிண்டரில் மிஞ்சிய புகையை இழுத்துவிடுகிறது. உறிஞ்சுவது என்பது இதுதான்.

ஆனால் இதன் முழுப் பலன் கிடைப்பது இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது. சுமை ஏற்றும், டிரெய்லர் இழுக்கும் டிரக் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,500 முதல் 3,000 சுற்றுக்குள்தான் ஓடுகிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் பழையது, காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்பரேட்டர் பழையது, கடைசியில் ஒற்றைச் சைலன்சர் என்றால் ஹெடர் மட்டும் போட்டுக் கிடைக்கும் லாபம் சொற்பம். சத்தம் மட்டும் நன்றாகவே கூடும்.

தொல்லைகளும் உண்டு. குழலின் தகடு மெல்லியது, சீக்கிரம் துருப்பிடிக்கும். சூடு வெளியே வீசும். பக்கத்தில் போகும் பிளக் வயர் கருகும், ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறி, நிறுத்திய வண்டி உடனே கிளம்ப மறுக்கும். ஓரிரு முறை சூடாகி ஆறியதும் போல்ட்களை மறுபடி இறுக்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் ஹெட்டுக்கும் ஹெடருக்கும் நடுவில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் பிய்ந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, இன்ஜின் சூடானதும் அடங்கினால் கேஸ்கெட்டின் ஓரத்தில் விரலை வைக்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள். கரிப்புகை படிந்த கறுப்புக் கோடு தெரியும். வார்ப்பிரும்பிலும் இதே சத்தம் வரும். அது சூட்டில் நீண்டு சுருங்குவதால் இரு கோடிகளிலும் உள்ள போல்ட்கள்தான் முதலில் உடையும். வருஷக்கணக்கில் ஓடியதில் விரிசலும் விடும்.

ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜின் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஃபோர்டு 300 போன்றவற்றில் இன்டேக் பக்கம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கிக்கொள்கிறது. குளிர்காலத்தில் பெட்ரோல் ஆவியாவது அந்தச் சூட்டில்தான். ஹெடர் போட்டால் சூடு போய்விடும். பனிக்காலக் காலையில் வண்டி திணறும். வேறு வழியில் சூடேற்ற ஏற்பாடு செய்யாமல் குளிர் நாட்டில் இதைச் செய்ய வேண்டாம்.

என் முடிவு நேரானது. வேலைக்கு ஓடும் பழைய டிரக்குக்கு விரிசலில்லாத வார்ப்பிரும்பே போதும். ஷெவர்லே வி-8க்கு ஆட்டுக்கொம்பு என்று பெயர் பெற்ற வளைந்த வார்ப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. புகைக்கு நல்ல வழியும் விடும், பல வருஷம் உழைக்கவும் செய்யும். கேம், கார்பரேட்டர், இரட்டைச் சைலன்சர் எல்லாம் மாற்றி ஓட்டத்துக்காகவே கட்டும் வண்டிக்கு ஹெடர் போடலாம். கலிபோர்னியாவில் 1976 மாடலும் அதற்குப் பிந்தியதும் என்றால் புகைச் சோதனை உண்டு. அங்கே அனுமதி எண் உள்ள ஹெடரைத்தான் வாங்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் பட்டறைகளில் மேனிஃபோல்டுக்குப் பின்னால் உள்ள எல்லாமே சைலன்சர்தான். பைக்கில் இன்ஜினிலிருந்து இறங்கும் குழாய்க்கு பெண்ட் பைப் என்று பெயர். ஜெர்மானியர்களும் மேனிஃபோல்டை வளைவு என்ற பொருளில் ‘க்ரூமர்’ என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ‘கொலெக்தர்’, அதாவது திரட்டுவது என்கிறார்கள். வேலையைச் சொல்வதால் பிரெஞ்சு வழியே எனக்குப் பிடித்தது: புகைத்திரட்டி. வார்ப்பில் செய்தால் வார்ப்புத் திரட்டி, குழலில் செய்தால் குழல் திரட்டி. இன்டேக் பக்கத்துக்குப் பகிர்குழாய். குழல்கள் ஒன்றுசேரும் முனைக்கு, ஆறுகள் சேரும் முக்கூடலைப் போல, கூடல் என்றே பெயர் வைக்கலாம். ‘இடது வார்ப்புத் திரட்டியில் விரிசல்’, ‘குழல் திரட்டியின் கூடலில் ஒழுக்கு’ என்று எழுதினால் ஸ்பேனர் பிடிப்பவருக்கு எங்கே கை வைப்பது என்று தெரிந்துவிடும்.