மீன் லொறி ஏன் நடுக்காட்டில் நின்றது?

போன மாரியில் ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்குப் போன் அடித்தது. கிண்ணியாவில் இருந்து மீன் லொறி ஓட்டுகிற நானா ஒருவர். கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற பேலியகொடை மீன் சந்தைக்குப் போகிற லோட். கல்ஓயாச் சந்தி தாண்டி, யானை குறுக்கே வருகிற இடத்தில் லொறி இழுத்து இழுத்து நின்றுவிட்டது.

“தம்பி, மிதிச்சா இழுக்குதில்ல. டாங்கியில பாதிக்கு மேல டீசல் கிடக்கு.”

“தண்ணி லைட் எரிஞ்சதா நானா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்: “அது ஒரு மாசமா எரிஞ்சுது. வயரைக் கழட்டிட்டன்.”

நிலாவெளி வீதியில் நான் கராஜ் வைத்திருக்கிறேன். இந்த வயர் கழட்டும் வைத்தியத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். லொறியைக் கட்டி இழுத்து வந்ததும் வோட்டர் செப்பரேட்டரின் (டீசலில் இருந்து தண்ணீரைப் பிரிக்கிற பாகம், அதில் தண்ணீர் சேர்ந்தால்தான் அந்த லைட் எரியும்) கீழ்க் கப்பைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு ஜாம் போத்தலில் ஊற்றி மேசையில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் பிரிந்துவிட்டது. மேலே டீசல், அடியில் துருநிறத் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே மூக்குச்சளி மாதிரி ஒரு கறுப்புப் படலம். நானா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, “உப்பு” என்றார். (நீங்கள் இதைச் செய்ய வேண்டாம்.)

உப்பு எங்கிருந்து வந்தது? மீன் பெட்டியின் ஐஸ் உருகி வடிகிற தண்ணீர் நேரே டாங்கி மூடியில்தான் விழுந்துகொண்டிருந்தது. மூடியின் ரப்பர் வெடித்துப் போயிருந்தது. லொறியைக் கழுவும்போது பிரஷர் பைப்பை மூடிப் பக்கம் பிடித்தாலும் இதே கதைதான். அதோடு நம் ஊரின் ஈரக் காற்று வேறு. பாதி டாங்கியோடு இரவில் நிறுத்தினால், மீதி இடத்திலுள்ள காற்று குளிர்ந்து உட்சுவரில் வியர்க்கிறது. அதனால்தான் டாங்கியை மாலையிலேயே நிரப்பச் சொல்கிறோம். டீசல் அடிக்கிற செட்டில் பவுசர் இறக்கிக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுத்து அடியுங்கள். நிலத்தடித் தாங்கியின் அடிமண்டி அப்போதுதான் கலங்கும்.

தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். டாங்கியின் உறிஞ்சு குழாயும் அடியில்தான் இருக்கிறது. செப்பரேட்டருக்குள் டீசல் மெதுவாக ஓடும்போது சிறு துளிகள் ஒன்றுசேர்ந்து பெருத்து, கப்புக்குள் இறங்கும். கப் நிரம்பிவிட்டால் அதன் வேலை முடிந்தது, பிறகு தண்ணீர் நேரே பம்புக்குத்தான். அந்தக் கறுப்புப் படலம் கிருமி. தண்ணீரும் டீசலும் சந்திக்கிற கோட்டில் வளர்ந்து பில்டரை அடைக்கும். 2022 தட்டுப்பாட்டில் கியூவில் நின்று வாங்கிய டீசலை பரலிலும் கானிலும் பதுக்கியவர்களின் வண்டிகளில் இதை அள்ளி அள்ளி எடுத்தேன்.

பழைய எஞ்சின்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கொமன் ரெயில் எஞ்சின் தாங்காது. அதில் எல்லா இன்ஜெக்டருக்கும் (எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற பாகம்) ஒரே பொதுக் குழாயில் இருந்துதான் டீசல் போகும், அந்தக் குழாய்தான் ரெயில். லொறி டயரில் 7, 8 பார் காற்று அடிக்கிறோம், அந்த ரெயிலில் 1,600 பாருக்கு மேல் டீசல் நிற்கிறது. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனியாக எண்ணெய் கிடையாது, டீசலேதான் வழவழப்பு. அங்கே தண்ணீர் போனால் இரும்போடு இரும்பு உரசும், துருப்பிடிக்கும், சூட்டில் ஆவியாகி இன்ஜெக்டர் நுனியையே உடைக்கவும் செய்யும். இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி சில மைக்ரோன்தான். தலைமயிர் ஒன்று கிட்டத்தட்ட 70 மைக்ரோன்.

சரி, செய்ய வேண்டியது இரண்டு நிமிட வேலை. காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், தண்ணீர் அடியில் இறங்கியிருக்கும் நேரத்தில், கப்பின் கீழ்த் திருகைத் தளர்த்தி ஒரு போத்தலில் பிடியுங்கள். தெளிந்த டீசல் வந்ததும் பூட்டி, கைப்பம்பு இறுகும்வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். மாரியில் தினமும், மற்றக் காலத்தில் வாரம் ஒருமுறை.

இன்னொன்று, இது எங்கள் தொழில்காரருக்கும் சேர்த்து. புது பில்டருக்குள் கானில் இருந்து டீசல் ஊற்றிப் பூட்டும் பழக்கம் இருக்கிறதே, அதை விடுங்கள். நடு ஓட்டைக்குள் ஊற்றினால் வடிகட்டாத டீசல் சுத்தமான பக்கத்துக்கே போய்விடும். வெறுமையாகப் பூட்டிக் கைப்பம்பை அடியுங்கள், தோள் வலித்தாலும் பரவாயில்லை.

நானாவின் லொறிக்கு நாலு இன்ஜெக்டரும் மாற்ற வேண்டி வந்தது. ரப்பர் ஐந்தாவது செலவு. இப்போது சீட்டுக்கு அடியில் ஒரு சோடாப் போத்தல் வைத்திருக்கிறார். கராஜைக் கடக்கும்போது சில நாள் வேகத்தைக் குறைத்து, அதை ஜன்னலில் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். அடியில் ஒரு விரல் தண்ணீர் தெரியும். அதை வீதியோரம் ஊற்ற வேண்டாம், கழிவு ஒயில் பரலில் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வளவில் கிணறு இருக்கிறது.