நீளம் வேறு, தொலைவு வேறு

1 மீட்டர் நூல் ஒன்றை மேசைமேல் நேராக இழுத்து வையுங்கள். நூலின் நீளம் 100 செ.மீ. இரு முனைகளுக்கும் இடையே உள்ள தொலைவும் 100 செ.மீ. நேர்கோட்டில் மட்டும்தான் இரண்டும் இப்படி ஒத்துப்போகும். பேச்சில் ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் மற்றதைச் சொல்வது இதனால்தான்.

இப்போது அதே நூலை அரைவட்டமாக வளையுங்கள். நீளம் மாறவில்லை. ஆனால் முனைகளின் தொலைவு 64 செ.மீ.க்கும் சற்றுக் குறைந்துவிட்டது. முழு வட்டமாக்கி முனைகளைச் சேர்த்தால் தொலைவே இல்லை. நீளம் கோட்டுக்குச் சொந்தம். தொலைவு இரண்டு புள்ளிகளுக்குச் சொந்தம். நடுவில் கோடு இருக்கவே வேண்டாம்.

சரி, வளைந்த கோட்டை எப்படி அளப்பது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கோட்டின்மேல் வரிசையாகப் புள்ளிகள் வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளின் தொலைவுகளைக் கூட்டுவார்கள். புள்ளிகளை நெருக்க நெருக்கக் கூட்டுத்தொகை ஓர் எண்ணை நெருங்கும். அந்த எண்தான் நீளம். வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்க உருவங்களை வைத்து ஆர்க்கிமிடீஸ் பை (π) என்ற எண்ணின் மதிப்பை நெருங்கியது இந்த வழியில்தான். ஆக, நீளம் என்பதே சின்னச் சின்னத் தொலைவுகளால் கட்டியது.

சில கோடுகளில் அந்தக் கூட்டுத்தொகை நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். 1904இல் ஸ்வீடன் கணிதவியலாளர் ஹெல்கே வான் கோக் வரைந்து காட்டிய வளைவு அப்படிப்பட்டது: ஒவ்வொரு படியிலும் நீளம் மூன்றில் ஒரு பங்கு கூடும், முனைகளின் தொலைவோ அப்படியே இருக்கும். நில எல்லைகளிலும் இதன் சாயல் உண்டு. ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளுக்கு இடையே உள்ள எல்லைக்கு 987 கி.மீ. என்றும் 1,214 கி.மீ. என்றும் இரண்டு அளவுகள் இருந்ததை ஆங்கிலேய அறிவியலாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் கவனித்தார். அளவுகோல் சிறிதானால் சின்ன நெளிவுகளும் கணக்கில் சேர்ந்துவிடும்.

உருண்டையின்மேல் போனால் கதை தலைகீழ். வட துருவத்துக்கும் தென் துருவத்துக்கும் இடையே பூமியைத் துளைத்து அளந்தால் ஏறக்குறைய 12,700 கி.மீ. அப்படிப் போக வழியில்லை. அதனால் தரைமேல் உள்ள பாதைகளில் மிகக் குட்டையானது எதுவோ, அதன் நீளத்தையே தொலைவு என்கிறோம்: சுமார் 20,000 கி.மீ. முதலில் தொலைவிலிருந்து நீளம் பிறந்தது. இங்கே நீளத்திலிருந்து தொலைவு பிறக்கிறது.