நினைக்கலாம், பார்க்க முடியாது

இன்று காலை சாப்பிட உட்கார்ந்தீர்களே, அந்தக் காட்சியை மனதில் கொண்டுவாருங்கள். தட்டு, தம்ளர், தட்டில் இருந்ததன் நிறம். தெரிகிறதா? பளிச்சென்றா, மங்கலாகவா?

பிரிட்டிஷ் விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டன் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டுவைத்து, 1880-இல் முடிவுகளை வெளியிட்டார். முதலில் மாட்டியவர்கள் அவருடைய விஞ்ஞானி நண்பர்கள். மனதில் படம் தெரியும் என்பதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது என்றே அவர்களில் பலர் நினைத்திருந்தார்கள். கால்டன் திகைத்துப்போனார். அப்புறம் நூறாண்டுகளுக்கு மேல் இந்த விஷயத்தை அநேகமாக யாரும் தொடவில்லை.

2010-இல் பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமனும் சகாக்களும் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். இதய ரத்தக்குழாய் அடைப்புக்குச் சிகிச்சை பெற்றபின் அவருடைய மனக்கண் அணைந்துவிட்டது. முகங்களை அடையாளம் காண்பார், தெரிந்த இடங்களை விவரிப்பார். படம் மட்டும் வராது. அதைப் பற்றிப் படித்த சிலர், 'நாங்கள் பிறந்ததிலிருந்தே இப்படித்தான்' என்று தொடர்புகொண்டார்கள். 2015-இல் ஸீமன் இதற்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார்.

நேரில் பார்க்கும்போது செய்தி கண்ணிலிருந்து மூளையின் பின்புறமுள்ள பார்வைப் பகுதிக்குப் போய், அங்கிருந்து முன்னோக்கி நகர்கிறது. கற்பனையில் போக்குவரத்து எதிர்த்திசையில் நடக்கிறது. மூளையின் முன்பகுதி கேட்க, பார்வைப் பகுதி நினைவிலிருந்து ஒரு மங்கல் பிரதியைத் தீட்டுகிறது. அஃபான்டேசியாவில் இந்தத் திரும்பு பாதைதான் சரியாக ஓடவில்லை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சரி, ஒருவர் 'தெரியவில்லை' என்றால் எப்படி நம்புவது? அவருக்கும் தெரிந்து, விவரிப்பதில்தான் வித்தியாசமோ என்னவோ! ஆஸ்திரேலியாவில் ஜோயல் பியர்சன் குழு இதற்குக் கண்மணியைச் சாட்சிக்கு அழைத்தது. வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும். பிரகாசமான முக்கோணத்தைக் கற்பனை செய்தாலே பெரும்பாலோருக்கு அது சற்றுச் சுருங்குகிறது. அஃபான்டேசியா உள்ளவர்களுக்கு, நிஜமாகப் பார்த்தபோது சுருங்கியது, கற்பனையில் அசையவில்லை. முயற்சியே செய்யவில்லையோ என்றால் அதுவுமில்லை. ஒன்றுக்குப் பதில் நான்கு உருவங்களைக் கற்பனை செய்யச் சொன்னபோது, மூளை உழைப்பதற்கு அடையாளமாகக் கண்மணி விரிந்தது.

அதே குழு இருட்டறையில் திகில் கதைகளைப் படிக்கவைத்தது. மற்றவர்களுக்கு வியர்வையால் தோலின் மின்கடத்தும் அளவு ஏறியது, இவர்களுக்கு ஏறவில்லை. பயங்கரப் படங்களைக் காட்டியபோது இரு தரப்பும் ஒரே மாதிரி மிரண்டன. கதையில் நம்மைப் பயமுறுத்துவது சொற்கள் அல்ல, நாமே தீட்டிக்கொள்ளும் படம்தான் போலிருக்கிறது.

இதை நோய்ப் பட்டியலில் சேர்ப்பது அபத்தம் என்பேன். அனிமேஷன் படங்கள் எடுக்கும் பிக்ஸாரின் நிறுவனர்களில் ஒருவரான எட் கேட்மலுக்கும் மனக்கண் கிடையாது. தமிழில் நாம் 'நினைத்துப் பார்' என்கிறோம். இவர்களுக்கு நினைப்பதில் ஒரு குறையும் இல்லை, அந்தப் 'பார்' மட்டும் வெறும் துணைவினை.

விசித்திரம் என்னவென்றால், இவர்களில் பலருக்குக் கனவில் படம் வருகிறது. பிம்பங்கள் உள்ளே இருக்கின்றன. விழித்திருக்கும்போது கூப்பிட்டால் வருவதில்லை.